ஹைபிரிட் கார்: வாங்குவதற்கு முன்பும் பின்பும்

முகையூர், அரகண்டநல்லூர், கண்டாச்சிபுரம் பக்கம் கார் வாங்கப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் ஒரே கேள்விதான்: டீசலா, பெட்ரோலா? நிறைய ஓடுகிறவர் டீசல் எடுத்தார், குறைவாக ஓடுகிறவர் பெட்ரோல் எடுத்தார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததும் மாருதி டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. வேறு சில நிறுவனங்களும் சிறிய டீசல் என்ஜின்களைக் கைவிட்டன. நிறைய ஓடுகிறவர்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு ஹைபிரிட் வந்து நிற்கிறது.

முழு மின்சார கார் எடுக்கலாமே என்று கேட்கலாம். வீட்டில் நல்ல எர்த்துடன் தனி சார்ஜிங் இணைப்பு போட வசதி இருந்து, தினசரி ஓட்டம் ஓர் அளவுக்குள் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். கூரைவீட்டு வாசலிலோ கோயில் திடலிலோ வண்டியை நிறுத்துகிறவருக்கும், புயல் அடித்தால் இரண்டு மூன்று நாள் மின்சாரம் வராத ஊரில் இருப்பவருக்கும் ஹைபிரிட் வசதி. அதற்குச் சார்ஜர் வேண்டாம். பெட்ரோல் போட்டால் போதும்.

ஆனால் எல்லோருக்கும் அது லாபமில்லை. யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதும், வாங்கினால் எப்படி ஓட்டுவது, பராமரிப்பது, எதைத் தொடக்கூடாது என்பதும்தான் இந்த அத்தியாயம்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

ஹைபிரிட் காரில் பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இருக்கும். மெதுவாகக் கிளம்பும்போதும் ஊருக்குள் ஊர்ந்து போகும்போதும் மோட்டார் இழுக்கும். வேகம் எடுக்கும்போது என்ஜின் சேர்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது, சாதாரண காரில் பிரேக் பேடு சூடாகி வீணாகும் விசையை இதில் மோட்டார் மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கு அனுப்பும். எப்போது எது ஓடவேண்டும் என்று கணினி தீர்மானிக்கும். நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பேட்டரி மிகச் சிறியது. டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டில் இருப்பது 0.76 கிலோவாட்-மணி. நெக்ஸான் மின்சார காரின் சிறிய பேட்டரியே 30 கிலோவாட்-மணி. ஆகவே ஹைபிரிட் வெறும் மின்சாரத்தில் ஒரு மூச்சில் ஓரிரு கிலோமீட்டர்தான் போகும். ஆனால் அந்தச் சிறு பேட்டரி நாள் முழுக்க நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கும். மிச்சம் அங்கேதான் வருகிறது. பிரேக்கும் கிளம்பலும் அதிகமுள்ள சாலையில் மிச்சம் அதிகம். நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் குறைவு. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

வரலாறு சுருக்கமாக. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்தது. இந்தியாவுக்கு 2008இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும் 2010இல் பிரியஸும் வந்தன. இரண்டும் இறக்குமதி, விலையும் எட்டாத உயரம். 2013இல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் கேம்ரி ஹைபிரிட் தயாராகத் தொடங்கியது. அதுவும் வசதியானவர்களின் கார்தான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரிய பெட்ரோல் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒன்றுபோல் 43 சதவீத வரி விழுந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் ஹைபிரிட்டுகள் 2022இல்தான் வந்தன: ஹோண்டா சிட்டி, ஹைரைடர், கிராண்ட் விட்டாரா. அந்த ஆண்டு கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் வந்ததும் காத்திருப்புப் பட்டியல் நீண்டு, 2023 ஏப்ரலில் உயர்ரக மாடல்களுக்கு முன்பதிவையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை கார்களுக்கு வரி 40 சதவீதம்.

படி ஒன்று: உண்மையான ஹைபிரிட்தானா என்று பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. 'ஹைபிரிட்' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது இரண்டு வெவ்வேறு பொருளாக இருக்கலாம். மைல்ட் ஹைபிரிட்டில் ஒரு சிறு மோட்டார் என்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். அந்த மோட்டாரால் தனியாக வண்டியை நகர்த்த முடியாது. ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் மோட்டாரே வண்டியை ஓட்டும். கிராண்ட் விட்டாரா என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறது. ஹைகிராஸிலும் வெறும் பெட்ரோல் மாடல் உண்டு. ஷோரூமில் இப்படிச் செய்யுங்கள்:

1. "என்ஜின் ஓடாமல் வண்டி நகருமா?" என்று நேராகக் கேளுங்கள். நகரும் என்றால் உங்கள் முன்னால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.
2. மைலேஜ் எண்ணைப் பாருங்கள். கிராண்ட் விட்டாரா அறிமுகமானபோது மைல்ட் வகை ஆட்டோமேட்டிக்குக்கு லிட்டருக்கு 20.58 கி.மீ., ஸ்ட்ராங் வகைக்கு 27.97 கி.மீ. என்று அறிவித்தார்கள். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்.
3. பேட்டரியின் வோல்ட் கேளுங்கள். மைல்ட் என்றால் 12 அல்லது 48 வோல்ட். ஹைரைடர் ஸ்ட்ராங் வகையில் 177.6 வோல்ட்.
4. புக்கிங் படிவத்தில் வேரியன்ட் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

இனி இந்த அத்தியாயத்தில் ஹைபிரிட் என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட்தான்.

படி இரண்டு: உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

விளம்பரத்தில் வரும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. உங்கள் கையில் அது வராது. ஆகவே கணக்கை அடக்கமான எண்ணில் போடுங்கள்.

1. போன வருடம் நீங்கள் ஓடிய தூரம் எவ்வளவு? பழைய வண்டியின் சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். ஊகிக்க வேண்டாம்.
2. அதில் எத்தனை பங்கு ஊர்ச்சாலை, எத்தனை பங்கு நான்குவழிச் சாலை? முகையூரிலிருந்து விழுப்புரத்துக்கும் திருக்கோவிலூருக்கும் தினம் போய்வருகிறவர் கணக்கு வேறு. வாரம் இருமுறை திண்டிவனம் வழியாகச் சென்னைக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பறக்கிறவர் கணக்கு வேறு.
3. ஒரே காரின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் மாடலுக்கும் ஹைபிரிட் மாடலுக்கும் ஆன்ரோடு விலை வாங்குங்கள். ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள்.
4. வித்தியாசத்தை வருட மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள்.

மூன்றாவதாகச் சொன்ன ஆன்ரோடு விலை ஏன் முக்கியம் என்றால், கூடுதல் விலைக்கும் சேர்த்து நீங்கள் சாலை வரி கட்டுகிறீர்கள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். முழு மின்சார காருக்குத் தரப்பட்ட சாலை வரி விலக்கு ஹைபிரிட்டுக்குக் கிடையாது. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வந்து ஏமாறாதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷோரூம் விலை வித்தியாசம் 2 லட்சம். அதற்கு 18 சதவீத வரி 36,000. காப்பீட்டில் கூடுவது 4,000. ஆக 2,40,000 ரூபாய். பெட்ரோல் மாடல் லிட்டருக்கு 15 கி.மீ., ஹைபிரிட் 22 கி.மீ., பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைப்போம்.

வருடம் 15,000 கி.மீ. ஓடினால் பெட்ரோல் மாடலுக்கு 1,000 லிட்டர், ஹைபிரிட்டுக்கு 682 லிட்டர். மிச்சம் 318 லிட்டர், அதாவது 31,800 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏழரை வருடம் ஆகும். வருடம் 30,000 கி.மீ. ஓடினால் மூன்றே முக்கால் வருடத்தில் திரும்பிவிடும். வருடம் 7,000, 8,000 கி.மீ. மட்டும் ஓடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வண்டி எடுக்கிறவர், லாபத்துக்காக ஹைபிரிட் வாங்கக் கூடாது. சத்தமில்லாத ஓட்டம் பிடித்திருக்கிறது என்றால் வாங்கலாம். அது வேறு காரணம். அதை மிச்சம் என்று பெயர் சொல்லிக் குடும்பத்தில் கடன் எடுக்க வேண்டாம்.

குறிப்பு: விலை 20 லட்சத்தை ஒட்டி இருந்தால் கவனம். 19 லட்ச ரூபாய் காருக்கு 18 சதவீதம் என்றால் 3.42 லட்சம். 20.5 லட்ச ரூபாய் காருக்கு 20 சதவீதம், 4.10 லட்சம். விலையில் ஒன்றரை லட்சம் கூடினால் வரியில் மட்டும் 68,000 கூடுகிறது. ஒரு படி கீழே உள்ள வேரியன்ட்டைக் கேட்டுப் பாருங்கள்.

படி மூன்று: டெஸ்ட் டிரைவ்

ஷோரூம்காரர் உங்களை பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டி அழைத்துவந்துவிடுவார். அது போதாது. விழுப்புரத்தில் என்றால் நான்குமுனை சந்திப்பு வழியாகப் புதிய பேருந்து நிலையம் வரை நெரிசலில் ஓட்டுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் ஊர்ச்சாலையில் கொஞ்சம் போங்கள்.

1. கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள்.
2. ஏ.சி.யைப் போடுங்கள். ஹைபிரிட்டில் ஏ.சி. மின்சாரத்தில் ஓடும், என்ஜின் நின்றாலும் குளிர்ச்சி நிற்காது. மே மாத வெயிலில் வீட்டில் எப்படி வைப்பீர்களோ அப்படி வையுங்கள்.
3. மின்திரையில் ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படத்தைத் திறந்து வையுங்கள். ஒரு வேகத்தடையை நெருங்கும்போது காலை எடுத்துப் பாருங்கள்: சக்கரத்திலிருந்து பேட்டரிக்குக் கோடு ஓடும். தடையைத் தாண்டி மெதுவாக மிதித்தால் கோடு திரும்பிப் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு வரும். இன்னும் அழுத்தினால் ஒரு மெல்லிய உறுமலோடு என்ஜின் வந்து சேரும். இதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு எப்படி ஓட்டவேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
4. நான்குவழிச் சாலையில் 100ஐத் தொடும்போது என்ஜின் சத்தம் உங்களுக்குச் சரியாக இருக்கிறதா? மூன்று சிலிண்டர் என்ஜின்களில் திடீரென்று மிதித்தால் இரைச்சல் கூடும். சிலருக்கு அது பிடிக்காது.
5. டிக்கியைத் திறந்து பாருங்கள். ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் பேட்டரி அங்கே இடத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு அரிசி மூட்டையும் பிள்ளைகளின் பைகளும் கொள்ளுமா என்று பாருங்கள்.
6. பேட்டரி உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. தருகின்றன.

ஓட்டும் பழக்கம்

புது வண்டி எடுத்தவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு, பட்டனை அழுத்திவிட்டுச் சத்தம் வரவில்லையே என்று மறுபடி அழுத்துவது. 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி தயார். என்ஜின் ஓடவேண்டியதில்லை.

1. பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தி, 'ரெடி' விளக்கைப் பாருங்கள். பிறகு கியர் போடுங்கள்.
2. ஊர்ந்து ஊர்ந்து வேகம் எடுக்க வேண்டாம். நிதானமாக ஆனால் உறுதியாக மிதித்து வேண்டிய வேகத்துக்கு வந்துவிட்டு, காலை லேசாகத் தளர்த்துங்கள். என்ஜின் நின்று மோட்டார் மட்டும் ஓடும். மைலேஜைக் கூட்டுவது இந்த ஒரு பழக்கம்தான்.
3. பிரேக்கைத் தொலைவிலேயே, மெல்ல, நீளமாகப் பிடியுங்கள். கடைசி நொடியில் அழுத்திப் பிடித்தால் மின்சாரமாக வரவேண்டியது பிரேக் பேடில் சூடாகிப் போய்விடும்.
4. ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது நியூட்ரலில் போடாதீர்கள். டொயோட்டா வகை ஹைபிரிட்டுகளில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. 'பி' பார்க்கிங்கில் போடுங்கள்.
5. கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ இறங்கும்போது, கியர் வரிசையில் 'டி'க்கு அடுத்து இருக்கும் இறக்கத்துக்கான நிலைக்கு மாற்றுங்கள். நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பினால் மோட்டாரால் பிடித்து நிறுத்த முடியாது. அந்த நிலையில் என்ஜின் தாங்கிப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. சமவெளியில் அதைப் போட்டு ஓட்டினால் மைலேஜ்தான் குறையும்.
6. ஜி.எஸ்.டி. சாலையில் 80, 90இல் போங்கள். 110இல் போனால் சாதாரண பெட்ரோல் காருக்கும் உங்கள் காருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பாதுகாப்பு: ஊருக்குள் வண்டி சத்தமில்லாமல் வரும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், தெருவில் பந்து விளையாடும் பிள்ளைக்கும், மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகளுக்கும் கார் வருவது தெரியாது. ஹாரனை நம்பாமல் வேகத்தைக் குறையுங்கள். ரிவர்ஸ் எடுக்கும் முன் ஒருமுறை இறங்கிப் பின்னால் பாருங்கள்.

அறுவடைக் காலத்தில் நம் பக்கத்துச் சாலைகளில் உளுந்துச் செடியும் கம்பும் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். காய்ந்த தழை வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கும். ஹைபிரிட்டில் அடிப்பகுதியில் மின்கேபிள்களும் போகின்றன. தவிர்க்க முடியாமல் ஏற்றிவிட்டால், தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்துத் தழை சிக்கியிருந்தால் ஒரு குச்சியால் எடுத்துவிடுங்கள். கையை விட வேண்டாம்.

பராமரிப்பு: மூன்று இடங்கள்

என்ஜின் ஆயில், டயர் காற்று, ஏர் ஃபில்டர் எல்லாம் மற்ற கார்களைப் போலத்தான். ஹைபிரிட்டுக்கென்று கவனிக்க வேண்டியவை இவை.

*பேட்டரிக்கு மூச்சு விடும் வழி.* ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சிறு விசிறி வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுக்கும். அதன் வாய் பல மாடல்களில் பின் சீட்டின் பக்கத்திலோ அடியிலோ ஒரு பிளாஸ்டிக் சல்லடைபோல இருக்கும். கையேட்டில் இடத்தைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பையையோ போர்வையையோ மூட்டையையோ வைக்காதீர்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி, திருவக்கரைப் பக்கம் போய்வந்தால் கிரஷர் தூசி, நாய் ஏற்றினால் அதன் முடி எல்லாம் அங்கேதான் போய் அடையும். பஞ்சுபோலத் தூசி திரண்ட சல்லடையை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அடைந்தால் பேட்டரி சூடாகும், சூட்டில் ஆயுள் குறையும்.

1. மாதம் ஒருமுறை அந்தச் சல்லடையின் வெளிப்பக்கத்தை வேக்வம் கிளீனரால் இழுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்றை ஊதி உள்ளே தள்ளாதீர்கள்.
2. ஒவ்வொரு சர்வீஸிலும் "பேட்டரி விசிறி ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் விட்டுப்போகும்.
3. வெயிலில் நிறுத்திய வண்டியை எடுத்ததும் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏ.சி.யைப் போடுங்கள். உங்களுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் பேட்டரிக்கும் குளிர்ச்சி.

*12 வோல்ட் பேட்டரி.* பெரிய பேட்டரி முழுதாக இருந்தாலும், இந்தச் சின்ன பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது. கணினிகளை எழுப்புவது இதுதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த வண்டி, கொட்டகையில் மாதக்கணக்கில் நின்றால் முதலில் சாவது இதுதான். தள்ளி ஸ்டார்ட் செய்ய இந்த வண்டியில் வழியே இல்லை.

1. வண்டி நிற்கும் காலத்தில் வாரம் ஒருமுறை 'ரெடி' நிலையில் அரை மணி நேரம் வைத்திருங்கள், அல்லது ஒரு சுற்று ஓட்டிவாருங்கள். ரேடியோ மட்டும் பாடும் நிலையில் வைத்தால் சார்ஜ் ஏறாது, இறங்கும்.
2. இதைத் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள். 'ரெடி'யில் இருக்கும் வண்டியில் என்ஜின் தானாக ஓடத் தொடங்கும். மூடிய ஷெட்டில் அந்தப் புகை உயிரைப் பறிக்கும்.
3. ஜம்பர் கேபிள் போடுவதானால், கையேடு காட்டும் முனையில் மட்டும் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் இன்வர்ட்டர் போய்விடும், செலவு பெரிது.
4. உங்கள் ஹைபிரிட்டிலிருந்து டிராக்டருக்கோ லோடு வண்டிக்கோ மின்சாரம் கொடுத்து ஸ்டார்ட் செய்ய உதவாதீர்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் கேட்டாலும் வேண்டாம்.

*பிரேக்.* மோட்டார் பெரும்பாலான பிரேக் வேலையைச் செய்துவிடுவதால் பேடுகள் நெடுநாள் தேயாது. ஆனால் உழைக்காத டிஸ்க்கில் மழைக்காலத்தில் துரு படியும். வாரம் ஒருமுறை காலியான சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, சற்று அழுத்திப் பிடியுங்கள்.

இவை தவிர ஒன்று: எலி. வயல் ஓரத்து வீடுகளில் நிறுத்தும் வண்டிகளில் வயரைக் கடிப்பது நாம் அறிந்த தொல்லை. ஹைபிரிட்டில் அந்தச் செலவு பல மடங்கு. வைக்கோல் போர், தீவன மூட்டை அருகே நிறுத்தாதீர்கள். எடுக்கும் முன் வாரம் இருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். ஏதாவது கடித்திருப்பது தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் தொடக்கூடாதவை

பானட்டைத் திறந்தால் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் தெரியும். அவற்றில் ஓடுவது வீட்டு மின்சாரம்போல ஆளைக் கொல்லக்கூடியது. வண்டியை அணைத்த பிறகும் சற்று நேரம் இன்வர்ட்டருக்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். பயிற்சி பெற்ற மெக்கானிக்கே சர்வீஸ் பிளக்கை எடுத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு, குறித்த நேரம் காத்திருந்துதான் கைவைப்பார்.

ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். பானட்டைத் திறப்பதற்கு முன்:

1. 'ரெடி' விளக்கு அணைந்திருக்கிறதா பாருங்கள்.
2. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் வேண்டாம். யாராவது பட்டனை அழுத்தினால் என்ஜின் ஓடத் தொடங்கும், உங்கள் கை அங்கே இருக்கும்.
3. திறந்த பிறகு வாஷர் தண்ணீர், ஆயில் அளவு, கூலன்ட் அளவு மட்டும் பாருங்கள். பல ஹைபிரிட்டுகளில் இன்வர்ட்டருக்கென்று தனிக் கூலன்ட் டப்பா இருக்கும். இரண்டையும் பாருங்கள். குறைந்திருந்தால் சாதாரணத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கூடுதல் ஹாரன், ஃபாக் லேம்ப், ஸ்பீக்கர் என்று கடைத்தெருவில் வயரை வெட்டி இணைக்க விடாதீர்கள், உத்தரவாதம் போகும். கேஸ் கிட் போடவே கூடாது. வாட்டர் சர்வீஸில் பானட்டுக்குள் பிரஷர் பம்பால் அடிக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பம்பர், சேஸ் வெல்டிங் வேலை இருந்தால் அதற்கான சர்வீஸ் சென்டரில் மட்டும்.

வண்டி வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. முன்சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். அந்த எண்ணைப் போனில் இன்றே போட்டுவையுங்கள்.

மழையும் வெள்ளமும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அரகண்டநல்லூரும் ஆற்றோரக் கிராமங்களும் மூழ்கின. அரசூர் அருகே மலட்டாற்று வெள்ளம் திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. நம் பகுதியில் கார் வைத்திருப்பவர் இந்தப் பகுதியை இரண்டுமுறை படிக்க வேண்டும்.

ஹைபிரிட் மழையில் நனையலாம், ஷாக் அடிக்காது. உயர் மின்னழுத்தச் சுற்று வண்டியின் உடலோடு சேராமல் தனியாக இருக்கிறது. கசிவு தெரிந்தால் கணினி எச்சரிக்கும். ஆபத்து எங்கே என்றால், தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டியில்.

1. அணை திறப்பு எச்சரிக்கை வந்தவுடனே வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.
2. தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கடக்காதீர்கள். ஆழம் தெரியாது, பாலம் இருக்கிறதா என்றும் தெரியாது. முன்னால் பேருந்து போனதைப் பார்த்துப் போகாதீர்கள். பேருந்தின் உயரம் வேறு.
3. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் மறுபடி பட்டனை அழுத்தாதீர்கள். அணைத்துவிட்டு, எல்லோரையும் இறக்கி, சாவியோடு விலகுங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை ஓட்டிப் பார்த்து உடைத்தால் காப்பீட்டு நிறுவனம் அந்தச் செலவை ஏற்க மறுக்கும்.
4. மூழ்கி எடுத்த வண்டியைக் காயவைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். வண்டி நின்ற இடத்தை, தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி, படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முதலில் தெரிவியுங்கள். பிறகு ரெக்கவரி வண்டியில் சர்வீஸ் சென்டருக்கு.
5. காப்பீடு புதுப்பிக்கும்போது என்ஜின் பாதுகாப்பு கூடுதல் பிரிவைச் சேருங்கள். அது ஹைபிரிட் பேட்டரியையும் மோட்டாரையும் உள்ளடக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

விபத்து நடந்து, ஆரஞ்சு கேபிள் அறுந்து தொங்குவது தெரிந்தால் யாரையும் கிட்ட விடாதீர்கள். 108க்கும் தீயணைப்புக்கு 101க்கும் பேசும்போது "இது ஹைபிரிட் கார்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

பழைய ஹைபிரிட் வாங்கினால்

விலை மலிவாகக் கிடைத்தால் முதல் சந்தேகம் வெள்ளம்தான். சென்னையில் 2015லும் 2023 டிசம்பரிலும், நம் பக்கம் 2024லும் மூழ்கிய வண்டிகள் கழுவிப் பாலிஷ் போட்டுக் கைமாறுகின்றன.

1. சீட்டின் அடியில் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக்கறை தெரிகிறதா, ஸ்டெப்னிக் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.
2. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்ப் பேட்டரிப் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.
3. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வரும் முன் சூடாக்கி வைத்திருந்தால் குறை மறைந்திருக்கும்.
4. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பொருந்துமா என்று கையேட்டிலோ எரிபொருள் மூடியிலோ பாருங்கள்.
5. பேட்டரி உத்தரவாதத்தில் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று சர்வீஸ் பதிவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியவுடன் அதன் நகலோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், உத்தரவாதத்தையும் உங்கள் பெயருக்கு மாற்றி ரசீது வாங்கி வண்டிக் கோப்பில் வையுங்கள்.